ஸ்லாட் கார் டிராக்கின் பவர் சப்ளைக்கு ஃபியூஸ் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1957இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த ஸ்கேலெக்ஸ்ட்ரிக் முதல் ஜெர்மனியின் கரேரா வரை எல்லா ஸ்லாட் கார் டிராக்குகளிலும், அதாவது மின்சாரத்தில் ஓடும் பொம்மைப் பந்தயக் கார்களின் பாதைகளிலும், மின் அமைப்பு ஒன்றுதான்: ஒவ்வொரு தடத்திலும் ஒரு பள்ளம், அதன் இருபுறமும் இரண்டு உலோகப் பட்டைகள், காரின் அடியில் அந்தப் பட்டைகளைத் தொட்டுக்கொண்டு வரும் இரண்டு செம்புப் பின்னல்கள். இப்படி ஒரு டிராக்கை வீட்டில் அமைத்தவர்கள் என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் வரும் அளவுகள் பெரும்பாலும் என்னுடைய நான்கு தட டிராக்கைச் சேர்ந்தவை. அதில் ஓடுபவை 1:32 அளவு (நிஜக் காரில் 32இல் ஒரு பங்கு) கார்கள், மின்சாரம் தருவது 13.8 வோல்ட், 20 ஆம்பியர் பவர் சப்ளை.

டிராக்கில் ஷார்ட் எப்படி ஆகும்? இரண்டு பட்டைகளும் தள்ளித் தள்ளித்தானே இருக்கின்றன?

பட்டைகள் தள்ளித்தான் இருக்கின்றன. ஆனால் வளைவில் பள்ளத்தை விட்டு வெளியேறும் கார் பெரும்பாலும் குறுக்காகத் திரும்பி நிற்கும். அப்போது அதன் ஒரே பின்னல் இரண்டு பட்டைகளின் மேலும் படிந்துவிட்டால், பிளஸும் மைனஸும் நேராகச் சேர்ந்துவிடுகின்றன. ஓட்டுபவர் கார் விழுந்ததைக் கவனிக்காமல், வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலரின் விசையை அழுத்திக்கொண்டே இருக்கும் அந்த ஓரிரு விநாடிதான் பெரும்பாலான சேதங்களுக்குக் காரணம். காரிலிருந்து கழன்று விழுந்த திருகு, பின்னலிலிருந்து உதிர்ந்த செம்பு இழை, டிராக்கின் அடியில் காப்பு உரிந்த ஒயர் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

அடாப்டரிலேயே ஷார்ட் பாதுகாப்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. பிறகு தனியாக ஃபியூஸ் எதற்கு?

அந்தப் பாதுகாப்பு அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்வதற்கானது. டிராக்கோடு வந்த சிறிய அடாப்டரை மட்டும் வைத்து ஓட்டுகிறீர்கள் என்றால், அது போதுமானதாகவே இருக்கலாம். ஆனால் கார்கள் சோர்ந்து ஓடுகின்றன என்பதற்காக 10 அல்லது 20 ஆம்பியர் பவர் சப்ளை ஒன்றை வாங்கி மாட்டிய அன்றே நிலைமை மாறிவிடுகிறது. ஷார்ட் ஆகும்போது அந்த 20 ஆம்பியரும் ஒரே தடத்தின் ஒயர் வழியாகவும் பட்டை இணைப்புகள் வழியாகவும் ஓடும். பவர் சப்ளைக்கு அது சிரமமே இல்லாத வேலை. ஆகவே அதன் பாதுகாப்பு விழித்துக்கொள்ளாது.

பட்டைத் துண்டுகள் சேரும் இடத்தில் 0.1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆம்பியர் பாயும்போது அந்த ஓர் இணைப்பில் மட்டும் 10 வாட் வெப்பம் உண்டாகும். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்கும் என்றால், 10 வாட் ஒரு சிறிய பிளாஸ்டிக் பள்ளத்துக்குள் என்ன செய்யும் என்பதை ஊகிக்கலாம். ஃபியூஸ் போடுவதற்கு முன்பு என் டிராக்கில் இது நடந்தது. கார் ஓடாததால் துண்டைக் கழற்றிப் பார்த்தபோது, பட்டையின் நுனி நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் இளகி, பட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பள்ளத்துக்குள் அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது.

ஃபியூஸ் போட்டால் காரின் மோட்டார் எரியாமல் இருக்குமா?

இருக்காது. ஃபியூஸ் காப்பது ஒயரையும் பட்டையையும் இணைப்புகளையும்தான். சக்கரத்தில் முடி சுற்றிக்கொண்டு மோட்டார் சுழலாமல் நின்றுவிட்டால் அது இழுக்கும் மின்னோட்டம், அதே கார் புறப்படும் கணத்தில் இழுப்பதற்குச் சமம். புறப்படும்போது போகாத ஃபியூஸ், மோட்டார் நின்றுபோனாலும் போகாது.

டிரான்சிஸ்டர் உள்ள எலெக்ட்ரானிக் கன்ட்ரோலருக்கும் இதே பதில்தான். அதிலுள்ள குறைக்கடத்தி மில்லிவிநாடிகளில் கெட்டுவிடும். ஃபியூஸ் கம்பி உருக அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். கன்ட்ரோலர் போன பிறகு தீப்பிடிக்காமல் தடுப்பதுதான் ஃபியூஸால் ஆகக்கூடிய காரியம்.

எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும்?

எல்லோருக்கும் பொதுவான ஓர் எண்ணைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அளந்து பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவையில் வைத்து, தடத்தின் பிளஸ் ஒயரில் தொடராக இணையுங்கள். உங்களிடம் உள்ள கார்களிலேயே அதிக மின்சாரம் இழுப்பதைத் தடத்தில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, விசையை முழுதாக ஒரு விநாடி மட்டும் அழுத்துங்கள். திரையில் தெரிவது மோட்டார் நின்ற நிலையில் இழுக்கும் மின்னோட்டம். அந்தத் தடத்தில் நேர்மையான காரணத்துக்காகப் பாயக்கூடிய உச்ச அளவு அதுதான். என் கார்களில் அது 2.4 ஆம்பியர், ஓடிக்கொண்டிருக்கும்போது 1 ஆம்பியரைத் தாண்டுவது அரிது. எனவே தடத்துக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் வைத்திருக்கிறேன்.

மேல் எல்லையை முடிவுசெய்வது, அந்தத் தடத்தின் மின்பாதையில் எது மெலிந்ததோ அது. மின்சாதன ஒயர்களுக்கு வழக்கமாகக் கொள்ளும் கணக்குப்படி 0.75 சதுர மி.மீ. ஒயர் 6 ஆம்பியரும், 1 சதுர மி.மீ. ஒயர் 10 ஆம்பியரும் தாங்கும். ஆனால் பட்டை இணைப்புகள் ஒயரைவிடப் பலவீனமானவை என்பதால், பிளாஸ்டிக் டிராக்கில் ஒரு தடத்துக்கு 5 ஆம்பியருக்கு மேல் போட நான் யாருக்கும் சொல்வதில்லை. பெரிய மோட்டார் பூட்டிய 1:24 பந்தயக் கார்கள் ஓடும் மரப்பாதைகளில், தடித்த ஒயரும் முழுநீளச் செம்புப் பின்னலும் இருப்பதால் கணக்கே வேறு.

கண்ணாடி ஃபியூஸ் நல்லதா, நிஜக் காரில் வரும் பிளாஸ்டிக் ஃபியூஸ் நல்லதா?

மின்சாரத்தைப் பொறுத்தவரை இரண்டும் சரியே. நான் காரில் வரும் பிளேடு ஃபியூஸையே விரும்புகிறேன். அதன் நிறமே அளவைச் சொல்லிவிடும். 3 ஆம்பியர் ஊதா, 5 ஆம்பியர் மங்கிய பழுப்பு, 7.5 ஆம்பியர் அடர் பழுப்பு, 10 ஆம்பியர் சிவப்பு, 15 ஆம்பியர் நீலம், 20 ஆம்பியர் மஞ்சள். மேசைக்கு அடியில் அரை வெளிச்சத்தில் படுத்துக்கொண்டு மாற்றும்போது, 5 மி.மீ. கண்ணாடிக் குழாயின் உலோக மூடியில் பொறித்த எழுத்தைப் படிப்பதற்கு இது எவ்வளவோ மேல். உருகியிருப்பதும் மேலிருந்து பார்த்தாலே தெரியும்.

ஓர் எச்சரிக்கை மட்டும். வழக்கமான பிளேடு ஃபியூஸ் 32 வோல்ட் வரைக்குமானது. டிராக்கின் 12 முதல் 20 வோல்ட்டுக்கு அது பொருந்தும், 230 வோல்ட் பக்கத்தில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

எஃப் (F) என்றும் டி (T) என்றும் போட்டிருக்கிறதே, எதை வாங்குவது?

கண்ணாடி ஃபியூஸில் எஃப் என்பது விரைவாக உருகுவது, டி என்பது தாமதமாக உருகுவது. கார் புறப்படும் கணத்தில் பாயும் மின்னோட்டத்தை அளந்து, அதற்கு மேலே ஃபியூஸைத் தேர்ந்தெடுத்திருந்தால் எஃப் போதும். ஓடும் மின்னோட்டத்துக்கு ஒட்டியே சிறிய ஃபியூஸ் வைக்க விரும்பினால், புறப்பாட்டைத் தாங்குவதற்கு டி வேண்டும்.

பிளஸ் ஒயரில் வைப்பதா, மைனஸிலா? டிராக்குக்குப் பக்கத்திலா, சப்ளைக்குப் பக்கத்திலா?

பிளஸ் ஒயரில், சப்ளையின் முனைக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக. ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயருக்கு அந்த ஃபியூஸ் காவல் அல்ல; சப்ளையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஃபியூஸ் வைத்தால், அந்த இரண்டு மீட்டரும் காவலற்றுக் கிடக்கும். பல தடங்களுக்கு மைனஸ் பொதுவாக இருப்பதே வழக்கம். அப்படியிருக்க மைனஸில் வைத்த ஃபியூஸ் எந்தத் தடத்தின் பிழைக்குப் போனது என்பதே தெரியாமல் போய்விடும்.

கன்ட்ரோலருக்கு முன்பே ஃபியூஸ் வர வேண்டும். சப்ளை, ஃபியூஸ், கன்ட்ரோலர், பட்டை என்பதே வரிசை.

நான்கு தடங்களுக்கும் சேர்த்து ஒரே பெரிய ஃபியூஸ் போதாதா?

போதாது. நான்கு கார்களும் ஒன்றாகப் புறப்படும் கணத்தைத் தாங்க 10 ஆம்பியர் ஃபியூஸ் வேண்டும். அந்த 10 ஆம்பியரும் ஒரே தடத்தில் பாய்ந்தால் என்னவாகும் என்பதை இரண்டாவது பதிலில் பார்த்தோம். தவிர, ஒருவரின் கார் விழுந்ததற்காக நான்கு பேரின் பந்தயமும் நின்றுபோகும்.

தடத்துக்கு ஒன்று, சப்ளையின் வாயிலில் பொதுவாக ஒன்று என்று இரண்டு அடுக்காக வையுங்கள். என் டிராக்கில் 3 ஆம்பியர் நான்கு, 10 ஆம்பியர் ஒன்று. ஒரு தடத்தில் ஷார்ட் ஆகி 20 ஆம்பியர் பாயும்போது, சிறிய ஃபியூஸுக்கு அது ஆறு மடங்குக்கும் மேல். கண் இமைப்பதற்குள் உருகிவிடும். பெரிய ஃபியூஸுக்கு அது இரண்டே மடங்கு. பிளேடு ஃபியூஸ் இரண்டு மடங்கு மின்னோட்டத்தில் உருக 5 விநாடி வரைகூட ஆகலாம். ஆகவே சிறியது முந்திக்கொள்ளும், பெரியது நிற்கும். கார்க் கடைகளில் ஆறு அல்லது எட்டு ஃபியூஸ் பொருத்தும் பெட்டி கிடைக்கும். இந்த வேலைக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும்.

வீட்டுப் பிளக்கிலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

பிரிட்டிஷ் பிளக்கில் இருக்கும் அந்த ஃபியூஸ், சுவரிலிருந்து வரும் ஒயருக்கானது. 230 வோல்ட்டில் 3 ஆம்பியர் என்பது கிட்டத்தட்ட 690 வாட். 13.8 வோல்ட், 20 ஆம்பியர் சப்ளை முழு மூச்சாகக் கொடுத்தாலும் 276 வாட்தான். டிராக் புகைந்துகொண்டிருந்தாலும் பிளக் ஃபியூஸுக்குச் செய்தி எட்டாது.

இதே காரணத்துக்காக அடாப்டரைத் திறந்து உள்ளே ஃபியூஸ் வைக்க முயலாதீர்கள். உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றத்தை வைத்திருக்கும். நமது வேலை முழுவதும் வெளிவரும் குறைந்த வோல்ட் ஒயரில்தான்.

ஃபியூஸ் போட்ட பிறகு கார் மெதுவாக ஓடுமா?

உணரும் அளவுக்கு இல்லை. 3 ஆம்பியர் ஃபியூஸின் தடை சில பத்து மில்லியோம். 1 ஆம்பியரில் அது விழுங்குவது 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. ஃபியூஸ் போட்ட பிறகு கார் சோர்ந்துவிட்டது என்று சொன்னவர்களிடம் பார்த்தால், ஃபியூஸ் பிடிக்கும் கவ்விகள் தளர்ந்திருக்கும், அல்லது ஒயரைச் சால்டர் செய்யாமல் முறுக்கி மட்டும் விட்டிருப்பார்கள்.

தானாகவே மீண்டுவிடும் பாலிஃபியூஸ் போட்டால் மாற்றுகிற வேலையே இல்லையே?

குழந்தைகள் ஓட்டும் டிராக்குக்கு அது வசதிதான். ஆனால் அதில் இரண்டு எண்கள் இருக்கும்: எத்தனை ஆம்பியர் வரை விடாமல் தாங்கும் என்பது ஒன்று, எத்தனையில் நிச்சயம் தடுக்கும் என்பது மற்றொன்று. இரண்டாவது பொதுவாக முதலாவதைப் போல இரண்டு மடங்கு. 1.85 ஆம்பியர் தாங்கும் பாலிஃபியூஸ் 3.7 ஆம்பியரில்தான் உறுதியாகத் தடுக்கும். இடையிலுள்ள அளவுகளில் என்ன செய்யும் என்று உறுதி கூற முடியாது. அது சூட்டினால் இயங்குவது என்பதால் வெப்பமான அறையில் சீக்கிரமே தடுத்துவிடும். தடுத்த பிறகு விசையை விட்டுச் சற்றுக் குளிர விடாமல் மீளாது. மீண்ட பிறகும் அதன் தடை முன்பைவிடச் சற்றுக் கூடியே நிற்கும். பந்தயம் வைப்பவர்கள் தடத்துக்குத் தடம் வேகம் மாறுகிறது என்று முறையிடுவதற்கு அது போதும். எதைப் போட்டாலும் சப்ளையின் வாயிலில் உருகும் ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும்.

ஃபியூஸுக்குப் பதில் கார் பல்பு போடுகிறார்களே, அது என்ன வித்தை?

12 வோல்ட், 21 வாட் பிரேக் விளக்கு பல்பைத் தடத்தின் பிளஸ் ஒயரில் தொடராக இணைப்பார்கள். குளிர்ந்திருக்கும்போது அதன் இழைக்குத் தடை மிகக் குறைவு, பிரகாசமாக எரியும்போது 7 ஓம் அளவுக்கு உயர்ந்துவிடும். ஷார்ட் ஆனால் பல்பு பளிச்சென்று எரியும், மின்னோட்டம் 2 ஆம்பியருக்குள் நின்றுவிடும். எதுவும் உருகாது, எந்தத் தடம் என்றும் தெரிந்துவிடும்.

விலை என்னவென்றால், கார் 1 ஆம்பியர் இழுக்கும்போதே பல்பு 4 வோல்ட் போல விழுங்கிவிடும். நேர்ப்பாதையில் கார் துவண்டுவிடும். ஓட்டுவதற்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. புதிதாக ஒயரிங் முடித்த டிராக்கை முதல் முறை உயிர்ப்பிக்கும்போது மட்டும் இந்தப் பல்பை இடையில் வைப்பேன். எங்கேனும் தவறாக இணைத்திருந்தால் பல்பே காட்டிக்கொடுக்கும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 3க்குப் பதில் 10 போடலாமா? அவசரத்துக்கு ஒரு செம்பு இழையைச் சுற்றலாமா?

இரண்டும் வேண்டாம். அளந்து வைத்த ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்றால் காரணம் டிராக்கிலோ காரிலோ இருக்கிறது. முதலில் கார்களை எல்லாம் எடுத்துவிட்டு, மின்சாரத்தை அணைத்து, பட்டைகளுக்கு இடையே மல்டிமீட்டரால் தடையைப் பாருங்கள். கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லையென்றால், விசையை விட்டதும் காரை நிறுத்த இரண்டு பட்டைகளையும் சேர்க்கும் பிரேக் இணைப்பே ஷார்ட் போலக் காட்டும். டிராக்கில் ஒன்றும் இல்லையென்றால் காரின் பின்னல்களைப் பாருங்கள். நுனி பிரிந்து விசிறி போல விரிந்த பின்னல்தான் பெரும்பாலும் குற்றவாளி. நுனியை ஒட்ட நறுக்கிவிட்டால் தீர்ந்தது.

வீட்டு ஃபியூஸ் கட்டையில் கம்பி சுற்றிய பழக்கத்தில் பலர் ஒயரின் ஓர் இழையை எடுத்துச் சுற்றிவிடுகிறார்கள். 0.2 மி.மீ. தடிமனுள்ள ஒற்றைச் செம்பு இழை உருகுவதற்கு ஏறத்தாழ 7 ஆம்பியர் வேண்டும். மெல்லிய இழைதானே என்று நினைத்தது, 3 ஆம்பியர் ஃபியூஸைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டது.

பிரேக் ஒயருக்கும் ஃபியூஸ் வேண்டுமா?

அமெரிக்க கிளப்களில் வழங்கும் நிறமுறையில் கன்ட்ரோலரின் வெள்ளை ஒயர் சப்ளையின் பிளஸுக்கும், கறுப்பு தடத்தின் பட்டைக்கும், சிவப்பு பிரேக்குக்காக மைனஸுக்கும் போகும். விசையை விட்டதும் கறுப்பும் சிவப்பும் சேர்ந்து, சுழலும் மோட்டாரே ஜெனரேட்டராகித் தன்னை நிறுத்திக்கொள்கிறது. அந்த மின்னோட்டம் சப்ளையிலிருந்து வருவதல்ல.

ஆபத்து வருவது ஒயர்களை மாற்றிக் கவ்வும்போதுதான். கறுப்பையும் வெள்ளையையும் மாற்றிவிட்டால், விசையை விட்ட நிலையிலேயே பிளஸ் நேராக மைனஸுக்குப் போகும். கறுப்பையும் சிவப்பையும் மாற்றினால் விசையை முழுதாக அழுத்தும்போது அதே ஷார்ட். ஆனால் எப்படி மாற்றினாலும் சப்ளையின் மின்சாரம் வெள்ளை முனையைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். அந்த முனைக்கு முன்னால் ஃபியூஸ் இருந்தால் எல்லா மாறாட்டத்துக்கும் அதுவே காவல். சிவப்பிலும் ஒன்று வைக்கும் கிளப்கள் உண்டு. வீட்டு டிராக்கில் நான் வைப்பதில்லை, ஏனென்றால் சிவப்பு ஃபியூஸ் போனது அடுத்த வளைவில் பிரேக் பிடிக்காதபோதுதான் தெரியவரும்.

5 ஆம்பியர் சப்ளை, 5 ஆம்பியர் ஃபியூஸ். ஷார்ட் ஆகிறது, ஃபியூஸ் போகவே மாட்டேன் என்கிறது. ஃபியூஸ் போலியா?

ஃபியூஸ் சரியாகவே வேலை செய்கிறது. ஃபியூஸில் எழுதியிருப்பது அது தாங்கும் அளவு, உருகும் அளவு அல்ல. பிளேடு ஃபியூஸ் தன் அளவைவிட 35 விழுக்காடு கூடுதலான மின்னோட்டத்தில் உருக 10 நிமிடம் வரை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் சப்ளையோ 5 ஆம்பியரை ஒட்டி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திவிடுகிறது, அல்லது அணைந்து அணைந்து மீண்டும் முயல்கிறது. ஃபியூஸ் உருகத் தேவையான சூடு அதற்குக் கிடைப்பதே இல்லை.

ஷார்ட்டில் சப்ளை தரக்கூடியது, ஃபியூஸின் அளவைப் போலக் குறைந்தது இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். மூன்று நான்கு மடங்கு இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் சப்ளைக்கு 2 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும், கார்கள் அதற்குள் ஓடுமானால். புறப்படும் கணத்துக்கு மட்டும் 2 போதவில்லை என்றால், முன்பு சொன்ன டி வகையில் 2 ஆம்பியர் வையுங்கள்.

டிஜிட்டல் டிராக்கில் ஃபியூஸை எங்கே வைப்பது?

டிஜிட்டலில் பட்டைகளில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும்; காருக்கான கட்டளைகளும் அதே பட்டைகளில்தான் போகும். விசையை விட்டாலும் ஷார்ட் தீராது என்பதால் பாதுகாப்பு இன்னும் அவசியம். பட்டைகளுக்கு மின்சாரத்தையும் கட்டளைகளையும் அனுப்பும் பெட்டியான பவர் பேஸுக்குள்ளேயே அதற்கான ஏற்பாடு இருக்கும். நீங்கள் வேறு பெரிய சப்ளையை இணைத்திருந்தால், சப்ளைக்கும் பவர் பேஸுக்கும் இடையே, தயாரிப்பாளர் கொடுத்த அடாப்டரின் ஆம்பியரைத் தாண்டாத ஃபியூஸை வையுங்கள். பேஸுக்கும் பட்டைக்கும் இடையே எதையும் நுழைக்காதீர்கள்.

கார் பேட்டரியில் ஓட்டினால்?

பேட்டரி சீரான மின்சாரம் தருவது உண்மை. பெரிய பந்தய மரப்பாதைகளில் அதை விரும்புவதும் அதனால்தான். ஆனால் ஷார்ட்டில் அது நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். அதைக் கட்டுப்படுத்தும் எதுவும் அதற்குள் இல்லை. பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பொது ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியை இணைக்கவே கூடாது. தடத்து ஃபியூஸ்கள் அதற்குப் பிறகு.

எந்தத் தடத்தின் ஃபியூஸ் போனது என்று விளக்கு எரிந்து காட்ட முடியுமா?

முடியும். ஃபியூஸின் இரு முனைகளுக்கும் இடையே 1 கிலோ ஓம் தடையோடு ஒரு சிவப்பு எல்.இ.டி.யை இணைத்தால், ஃபியூஸ் போனதும் எரியும். ஆனால் அதன் பிறகு சுற்று முழுமையடைந்தால்தான் எரியும். காரை எடுத்துவிட்டாலோ விசையை விட்டாலோ அணைந்துவிடும். நான் செய்திருப்பது இதற்கு நேர்மாறு: ஃபியூஸுக்குப் பின்னாலிருந்து மைனஸுக்கு, அதே தடையோடு பச்சை எல்.இ.டி. எப்போதும் எரிந்துகொண்டிருக்கும்; அணைந்தால் அந்தத் தடத்தின் ஃபியூஸ் போய்விட்டது.

கன்ட்ரோலரில் புகை வந்தது, ஃபியூஸ் அப்படியே இருக்கிறது. எப்படி?

பழைய முறைக் கன்ட்ரோலரில் தடைக்கம்பிச் சுருள் இருக்கும். 1:32 கார்களுக்கு 35 ஓம் போல. விசையைப் பாதி அழுத்திய நிலையில் 15 ஓம் சுற்றில் இருப்பதாகக் கொள்வோம். அப்போது கார் விழுந்து ஷார்ட் ஆனால், பாய்வது 13.8ஐ 15ஆல் வகுத்தால் வரும் 0.92 ஆம்பியர் மட்டுமே. 3 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது கார் ஓடுவதைப் போலத்தான் தெரியும். ஆனால் அந்த 12.7 வாட் வெப்பம் முழுவதும் உங்கள் கைக்குள் இருக்கும் சுருளில் இறங்குகிறது.

இந்த ஷார்ட்டைக் கண்டுபிடிக்கும் ஃபியூஸ் கிடையாது. கார் விழுந்ததும் விசையை விட்டுவிட வேண்டும்; எங்கள் வீட்டுப் பந்தயங்களில் காரைத் தூக்கி வைக்கப் போகிறவர் கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்பது விதி.

எல்லாம் மாட்டியாயிற்று. வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரு ஃபியூஸைப் பலி கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, அது மாட்டும் வெள்ளை முனையையும் கறுப்பு முனையையும் தடித்த ஒயரால் சேருங்கள். எலெக்ட்ரானிக் கன்ட்ரோலரை வழியில் வைத்துக்கொண்டு இதைச் செய்யக் கூடாது. பிறகு மின்சாரம் ஏறும் இடத்திலிருந்து மிகத் தொலைவிலுள்ள வளைவில், காப்பிட்ட பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரால் இரண்டு பட்டைகளையும் சேருங்கள். சிறு பொறியோடு உடனே ஃபியூஸ் போக வேண்டும்.

அருகில் சேர்த்தால் போகிறது, தொலைவில் சேர்த்தால் போகவில்லை என்றால், இடையிலுள்ள பட்டை இணைப்புகளின் தடை மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டு, மின்சாரத்தை அணைத்து, இணைப்புகளை ஒவ்வொன்றாக விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் இணைப்பே தளர்ந்தது. அதை இறுக்குங்கள், அல்லது சப்ளையிலிருந்து தனி ஒயர் ஒன்றை ஃபியூஸுக்குப் பின்னிருந்து இழுத்து டிராக்கின் மறுபாதியில் சால்டர் செய்யுங்கள். பிறகு புதிய ஃபியூஸைப் பொருத்தி அதே வளைவில் மறுபடியும் சோதித்துவிடுங்கள்.